கண்டியில் எதைக் காண்பது?

பாடசாலை விடுமுறை நெருங்கும் போதெல்லாம் ஆசிரியத் தொழில் புரிவோரை நாடிவரும் வினா ஒன்று உண்டு. "கண்டிக்குப் போகிறோம், இரண்டு நாள் தங்குவோம், பிள்ளைகளுக்கு எந்தெந்த நூதனசாலைகளைக் காட்டலாம்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். மாணவரும் கேட்கின்றனர். வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த இருபது மைல் வட்டத்திலும் எட்டுக்குக் குறையாத காட்சிச்சாலைகள் இருக்கின்றன. அனைத்தையும் இரண்டு நாளில் ஓடியோடிப் பார்த்துவிடலாம், பார்ப்பவரும் உளர். அவ்வாறு பார்த்து மீண்ட பிள்ளையிடம் "என்ன கண்டாய்?" என்று கேட்டால், "பெரிய யானையொன்றைக் கண்டேன்" என்பான். மற்றவையெல்லாம் வாகனம் கடுகண்ணாவை இறக்கத்தைத் தாண்டுமுன்னரே மறந்து போயிருக்கும்.

பழம்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு நம் நாட்டவர் 'நூதனசாலை' என்று பெயரிட்டமை வேடிக்கைதான். நூதனம் என்றால் புதுமை. சென்னை மக்களோ தங்கள் நகரத்து நூதனசாலையைச் 'செத்த காலேஜ்' என்று அழைத்தார்கள்; மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்' ஆயிற்று. இரண்டு பெயரிலும் உண்மை இருக்கிறது. கேள்வியோடு போகிறவனுக்குப் பழம்பொருள் புதுமையாகும். கேள்வியின்றிப் போகிறவனுக்கு அது செத்த காலேஜ்தான்.

ஆகவே, "எத்தனை பார்ப்பது?" என்பதை விட்டுவிட்டு, "இந்த வீடு யாருடைய கதையைச் சொல்கிறது?" என்று ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்டுப் பார்த்துத் தெரிந்தெடுத்தல் நலம். இந்த முறையில் நாம் தேர்வது மூன்றே மூன்று.

தலதா மாளிகையின் சுற்றுப்புறத்திலேயே பல காட்சிச்சாலைகள் இருக்கின்றன. மாளிகைக்குள் மேல்மாடியில் ஒன்று. பெரஹராவில் நெடுங்காலம் பேழை சுமந்து, 1986இல் தேசியச் செல்வமெனப் பிரகடனம் பெற்று, 1988இல் மறைந்த 'ராஜா' என்னும் கொம்பன் யானைக்கு ஒன்று. பழைய கச்சேரிக் கட்டடத்தில் 2011இல் திறக்கப்பட்ட சர்வதேச பௌத்த நூதனசாலை ஒன்று. பல தேசங்களில் பௌத்தம் எவ்வெவ் வடிவில் பரவிற்று என்பதை அறிய விரும்புவோர் கடைசியாகச் சொன்னதற்குச் செல்லலாம். சிறுவரை யானையிடமிருந்து தடுத்து வைத்தல் எவராலும் இயலாது. கால்மணி நேரம் போதும்.

நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியது அருகிலிருக்கும் தேசிய நூதனசாலை. அது அமைந்திருக்கும் கட்டடமே ஒரு காட்சிப்பொருள். 'பள்ளே வாஹல' எனப்படும் கீழரண்மனை அது. கண்டி மன்னரின் தேவியர் வாழ்ந்த அந்தப்புரம். 1882இல் தோன்றிய கண்டிக் கலைச் சங்கத்தார் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்த அவ்விடம், 1942இல் நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதன் சேகரிப்பில் உள்ளன.

அங்கே போகுமுன் ஆனந்த குமாரசுவாமியின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவர் இத்தீவின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த நாளில், கல்லைத் தேடிப் போன கிராமங்களிலே கலையைக் கண்டார். கண்டி நாட்டுக் கொல்லர், தட்டார், நெசவாளர், தந்த வேலைக்காரர் ஆகியோரின் தொழில் முறைகளை அவர்களிடமே கேட்டறிந்து எழுதிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. பிற்காலத்தில் அவர் அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலையில் பணியாற்றி உலகப் புகழ் பெற்றார் என்பது பலருக்குத் தெரியும்; அந்தப் புகழுக்கு வித்து கண்டிக் கிராமத்துப் பட்டறையில் விழுந்தது என்பது தெரிந்தவர் சிலரே. ஒரு பாக்குவெட்டியையோ சுண்ணாம்புக் கரண்டகத்தையோ பார்க்கும்போது, வெற்றிலை போடுவதற்கு இத்தனை சித்திர வேலையா என்று கடந்து போகாமல், நாள்தோறும் கையில் எடுக்கும் பொருள் அழகாயிருக்க வேண்டுமென்று நினைத்த சமுதாயம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ் மாணவன் அங்கே நின்று படிக்க வேண்டிய ஒரு பத்திரம் உண்டு. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதி கண்டிக் கொலுமண்டபத்தில் நிறைவேறிய உடன்படிக்கையின் பிரதி அது. கண்டியின் கடைசி மன்னர் நால்வரும் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தினர். இறுதியாக ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்னும் இயற்பெயருடையவன். பிரதானிகள் ஆங்கிலேயருடன் சேர்ந்து அவனைப் பதவி நீக்கி நாட்டை ஒப்படைத்த சாசனமே இவ்வுடன்படிக்கை. 'மலபார்' மன்னனின் கொடுமைகளை அது காரணமாகக் காட்டுகிறது. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட மலபார் ஆடவர் அனுமதியின்றித் திரும்பி வருதலாகாது என்றும் விதிக்கிறது. மலபார் என்று அக்காலத்து ஐரோப்பியர் குறித்தது மலையாளத்தாரை மட்டுமன்று. தமிழ் பேசுவோரையும் அவர்கள் அப்படியே அழைத்தனர். விந்தை என்னவெனில், அதே பத்திரத்தில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுள் சிலர் தமிழ் எழுத்திலே கையொப்பமிட்டிருக்கின்றனர்! இனத்துக்கு இனம் வேலி போட்டுப் பழகிய இன்றைய கண்ணுக்கு இது எளிதில் விளங்காது. அதனாலேயே பிள்ளைகள் அதனைப் பார்த்தல் வேண்டும்.

மன்னன் 1816இல் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே உயிர் துறந்தான். அவனுடைய சிங்காசனத்தைக் கண்டியில் தேடிப் பயனில்லை. ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு வழங்கிய அவ்வாசனம் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்து, கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற அலங்காரப் பீரங்கியும் 2023இல்தான் நெதர்லாந்திலிருந்து மீண்டு அதே கொழும்பை அடைந்தது. கண்டியின் செல்வம் முழுவதும் கண்டியில் இல்லை என்பதையும் பயணத்துக்கு முன்பே சொல்லி வைத்தால், கொழும்புக்குப் போகும்போது பிள்ளைகள் தாமாகவே தேடுவார்கள்.

இரண்டாவது, ஹந்தானை மலையிலுள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலை. நகரிலிருந்து மூன்று மைல் அளவு ஏற்றம். 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் நூதனசாலையாக மறுபிறவி எடுத்தது. தேயிலைத் தொழிற்சாலைகள் ஏன் இத்தனை மாடி உயரமாய் நிற்கின்றன என்று பாதையிலே போகும்போது பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். விடை இங்கே கிடைக்கும். பறித்த கொழுந்தை மேல்மாடிகளில் மெல்லப் பரப்பிக் காற்றில் வாட்டுவர். வாடிய இலை கீழே இறங்கி உருளைப் பொறியில் முறுக்கப்படும். முறுக்கும்போது இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்றோடு கலந்து, பச்சை நிறம் செம்பாகும், மணம் பிறக்கும். பின்பு சூளையின் வெப்பக் காற்றில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பர். இவ்வளவும் செய்யும் பழைய இயந்திரங்களை ஒரே கூரையின் கீழ்க் காணலாம். பௌதிகமும் இரசாயனமும் படிக்கும் மாணவர்க்கு இது ஒரு நாள் பாடம்.

ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரின் நினைவுப் பொருள்களும் அங்கே உண்டு. அவர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தம் பங்களா விறாந்தையில் மேசைமீது இலையைக் கையால் உருட்டியே தொழிலைத் தொடங்கினார். அதே 1867இல் கண்டிக்குப் புகையிரதமும் வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பிச் செடியில் துருநோய் தோன்றியது. கோப்பி மாண்டது, தேயிலை எழுந்தது. டெய்லரின் கல்லறை கண்டியில் மஹையாவை மயானத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மேல்வகுப்பு மாணவரை ஹந்தானைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வழிகாட்டி இயந்திரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு மாணவி மட்டும் உருளைப் பொறியின் அருகே நின்றுவிட்டாள். தோழியர் கேட்க, "எங்கள் தோட்டத்து ஸ்டோரில் இது ஓடும்போது லயம் வரைக்கும் வாசம் வரும்" என்றாள். நான்கு ஆண்டு ஒன்றாய்ப் படித்தவர்களுக்கு அவள் தோட்டத்துப் பிள்ளை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை 'கண்டி' என்றே ஊர் சொல்லி வந்திருக்கிறாள். பெரட்டு என்றால் என்ன, கணக்கப்பிள்ளை யார், மழையில் கொழுந்து எடுப்பது எப்படி என்றெல்லாம் மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். வழிகாட்டி புன்முறுவலோடு ஒதுங்கி நின்றார். அவள் கூறிய செய்திகளைக் கேட்க நமக்கொரு வீடு வேண்டும் அல்லவா? ஹந்தானை இயந்திரத்தின் வீடு. அதன் கதையை அது செவ்வனே சொல்கிறது.

மனிதரின் வீடு கம்பளைக்கு அருகில் இருக்கிறது. பரதேகாவில், பீக்கொக் மலைத்தோட்டத்தில், 2007ஆம் ஆண்டு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று திறக்கப்பட்டது. பழைய லயக் காம்பராக்களையே பழுது பார்த்து நூதனசாலையாக்கியிருக்கின்றனர். இது அரசு கட்டியதன்று. தொண்டு நிறுவனம் ஒன்றின் முயற்சி. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அளவு ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை லயத்தின் வாசலில் குனிந்து நுழையும்போதுதான் அறிய முடியும். மக்கள் புழங்கிய பாத்திரங்கள், தொழிற்கருவிகள், வாத்தியங்கள், பழைய படங்கள், ஆவணங்கள் இவையே காட்சிப் பொருள்கள். பொன்னும் இல்லை, மணியும் இல்லை. அரண்மனை அந்தப்புரத்தைப் பார்த்த மறுநாள் இதைப் பார்க்க வேண்டும்.

இடமும் பொருத்தமானதே. இத்தீவில் முதற் கோப்பித் தோட்டங்களுள் ஒன்றை ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1824இல் தொடங்கியது கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில்தான். மலபார் ஆடவர் திரும்பி வரலாகாது என்று எழுதி வைத்த மை உலர்ந்து பத்தாண்டு ஆகவில்லை. அதே ஆங்கிலேயர், தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தமிழரை அழைத்து வரத் தொடங்கிவிட்டனர்! கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக நடந்தனர்; வழியில் மாண்டவர் பலர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர்.

வந்தவர்களின் வாழ்வு காகிதங்களால் கட்டப்பட்டது. 'துண்டு' இருந்தால்தான், கடன் கணக்குத் தீர்ந்தால்தான், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம் என்றிருந்த வழக்கம் 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிடப்பட்டனர். கூட்டுக் குடும்பங்கள் இரண்டு நாட்டுக்குமாய்ப் பிரிந்தன. நாடற்ற நிலை முற்றாக நீங்க வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. இவை நம் வரலாற்றுப் புத்தகத்தில் சில வரிகள். லயத்துத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் பிள்ளைக்கு அவ்வரிகள் வேறு விதமாய்க் கேட்கும்.

வழியிலே பார்ப்பன சில உண்டு. கொழும்பிலிருந்து வருவோர் கடுகண்ணாவையில் இறங்கினால் 2014இல் திறந்த புகையிரத நூதனசாலையும், பாதை அமைப்பைக் காட்டும் இன்னொன்றும், கண்டிப் பாதையைச் சமைத்த டோசன் துரையின் நினைவுக் கோபுரமும் இருக்கின்றன. நீராவி இயந்திரத்தில் பித்துக்கொண்ட பையன் வீட்டில் இருந்தால் இறங்கத்தான் வேண்டும். பேராதனைப் பூந்தோட்டத்தை நாம் நூதனசாலைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒரு முழுநாளும் அதற்கே போய்விடும்.

முதல் நாட் காலை தேசிய நூதனசாலை; மாலை ஹந்தானை; மறுநாள் கம்பளை. இதற்கு மேல் வேண்டாம். திங்கட்கிழமைகளிலும் அரசாங்க விடுமுறைகளிலும் மூடியிருக்கும் இடங்கள் உண்டாதலால் முதலிலேயே விசாரித்துக்கொள்க. கம்பளைக்கு முன்கூட்டிச் சொல்லி வைத்தல் இன்னும் அவசியம். சிறிய இடம், திறந்து காட்ட ஆள் இருக்க வேண்டும். பெரிய பேருந்தில் போவோர் பாதையின் நிலையையும் கேட்டறிதல் நன்று. மலையகத்துக் குடும்பமானால் வீட்டிலிருக்கும் பாட்டியையும் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றம் சற்றுச் சிரமந்தான். கைத்தாங்கலாய் அழைத்துச் செல்லலாம். அங்கே வைத்திருக்கும் பொருள்களில் முக்கால்வாசிக்குப் பெயரும் பயனும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.