செடி விற்று ஊருக்குக் கிணறு

கேமரன் மலையிலிருந்து இறங்கும் கார்களைப் பார்த்தாலே போதும், மலையில் எது விலை போகிறது என்று தெரிந்துவிடும். ஸ்ட்ராபெரிப் பெட்டி, இனிப்புச் சோளம், கீரைக்கட்டு. பின் இருக்கையில் பிள்ளைகளின் மடியில் ஒரு கள்ளிச்செடியோ ஹைட்ராஞ்சியாவோ இருக்கும். சாலையோரக் கடைகளில் வாங்கியவை.

அதே செடிகள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் வாசலிலும் இருக்கின்றன. மைலோ டின்னிலும் பழைய பெயிண்ட் வாளியிலும் ஜெரேனியம், பெகோனியா, ஃபியூஷா. பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல, பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டு ஊன்றியவை. இவற்றை விற்று, கடலுக்கு அப்பால் ஏதாவது ஒரு கிராமத்துக்கு உதவ முடியுமா என்று மலையில் பிறந்து இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியும். நன்கொடைத் தட்டை நீட்டினால் சம்பளம் குறைந்தவர் கூச்சப்படுவார். செடியில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. ஒரு ஜெரேனியத்திலிருந்து ஐந்தாறு கிளை வெட்டலாம். செலவு பாலிபேக்குக்கும் மண்ணுக்கும்தான், மற்றதெல்லாம் நாளும் கைப்பக்குவமும். அலுவலகத்தில் நல்ல சம்பளம் வாங்கும் பேத்தியும் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பாட்டியும் ஒரே மேசையில் ஆளுக்கு இருபது செடி வைக்கலாம். சொல்லப்போனால் பாட்டியின் செடிதான் முதலில் விற்றுத் தீரும். தேயிலையையே அப்படித்தானே வளர்க்கிறார்கள்? ஓர் இலையும் அதனோடு சிறு தண்டும் உள்ள துண்டை நிழலில் ஊன்றி, வேர் பிடிக்க வைப்பார்கள். நாற்றங்காலில் வேலை பார்த்தவருக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டு 609 வீட்டுத் தோட்டங்களைத் திறந்து, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு மக்களை உள்ளே விட்டார்கள். 8,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. வீடு தேடிப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களுக்காகத் திரட்டிய பணம் அது. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. வந்தவர்கள் தேநீர் குடித்து, ஒரு செடியும் வாங்கிப் போவார்கள்.

ஆனால் நம் மலையில் ஒரு சிக்கல் உண்டு. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கிறார். இங்கே பூத்துக் குலுங்கும் ஃபியூஷா, அங்கே அடுக்குமாடி வீட்டு வெயிலில் சில வாரங்களில் வதங்கிவிடும். ஸ்ட்ராபெரி இலை விடும், பழத்தை எதிர்பார்க்க முடியாது. நல்ல காரியத்துக்குத்தானே கொடுத்தோம் என்று அவர் ஒருமுறை மன்னிப்பார், அடுத்த ஆண்டு வரமாட்டார். அதனால் கீழே போகும் செடிகளுக்குத் தனி மேசை போடுங்கள். கள்ளி, கற்பூரவல்லி, துளசி வைக்கலாம். கறிவேப்பிலை, முருங்கைக் கன்றுகளைத் தாப்பா, பீடோர் பக்கத்து உறவினர்கள் வளர்த்து அனுப்பலாம். ஹைட்ராஞ்சியா விற்றால் ஒரு சிறு அட்டையும் வையுங்கள். தேயிலைக்குப் பிடித்த அமில மண்ணில்தான் அது நீலமாகப் பூக்கும். வேறு மண்ணில் இளஞ்சிவப்பாக மாறலாம். சொல்லாமல் விற்றால், ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். குனோங் பிரிஞ்சாங் பாசிக்காட்டிலிருந்து ஆர்க்கிட்டையும் குடுவைச் செடியையும் பிடுங்கி வந்து மேசையில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. தர்மத்துக்கு என்றாலும் திருட்டு திருட்டுதான்.

சரி, பணம் யாருக்கு? "நம் தமிழ்ப்பள்ளிக்கே ஆயிரம் தேவை இருக்கும்போது வெளிநாட்டுக்கு எதற்கு?" என்று கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேட்பார். நியாயமான கேள்வி. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட ரப்பர்த் தோட்டங்களை வாங்கப் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தவர்கள் தோட்டப் பாட்டாளிகள். மணியார்டர் அனுப்பி ஊரில் தங்கைக்குக் கல்யாணமும் தம்பிக்குப் படிப்பும் நடத்தியதும் அந்தத் தலைமுறைதான். ஒன்றைச் செய்தால் மற்றது குறைந்துவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை. கேள்வி கேட்டவருக்கு ஒரு மேசையைப் பள்ளிக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டால் அவரும் செடி கொண்டு வருவார்.

கடல் கடந்த கிராமம் என்றதும் நமக்குச் சேலமும் நாமக்கல்லும் நினைவுக்கு வரும். இன்று மலையில் கொழுந்து பறிக்கும் பலருக்கு அந்தக் கிராமம் வங்காளதேசத்திலோ நேப்பாளத்திலோ இருக்கிறது. அவர்களையும் கேட்டுப் பாருங்கள். இலங்கை மலையகமும் இருக்கிறது. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயன் வீடுகள் புதைந்த செய்தியைக் கேமரன் மலைக்காரர் படிப்பதும் மற்றவர் படிப்பதும் ஒன்றல்ல.

எந்த ஊரானாலும், என்ன தரலாம் என்று நாம் முடிவு செய்வதற்கு முன் அங்கே எது இல்லை என்று கேட்க வேண்டும். வினோபா பாவே 1951இல் தொடங்கிய பூதான இயக்கத்தில் தமிழ்நாட்டிலும் ஏழைகளுக்கு நிலம் கிடைத்தது. அதில் பல இடங்கள் கல்லும் முள்ளுமான தரிசு. நிலம் கையில் இருந்தது. கிணறு இல்லை, மாடு இல்லை, விதைக்குக் காசு இல்லை. 1960களின் இறுதியில் இத்தாலியின் சான்ரெமோ நகரத்து ஆசிரியர் ஜியோவன்னி எர்மில்யாவும் தமிழ்நாட்டு சர்வோதயத் தொண்டர் லோகநாதனும் தொடங்கிய அசேபா அமைப்பு, அந்த இல்லாததைத்தான் கவனித்தது. எர்மில்யாவின் இத்தாலிய நண்பர்கள் தந்த சிறு சிறு தொகைகள் பூதான நிலங்களைப் பண்ணைகளாக்கப் பயன்பட்டன. சான்ரெமோவும் பூ வளர்ப்புக்குப் பெயர்போன ஊர் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

பணம் அனுப்புவதில் உணர்ச்சிவசப்படக் கூடாது. பாட்டன் பிறந்த ஊர்ச் சங்கத்தின் கணக்கில் நேராகப் போட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் வெளிநாட்டு நன்கொடை வாங்கலாம். 2020இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணம் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. வேலையைச் செய்யப்போகிறவரிடமே பதிவு இருக்கிறதா என்று செடி ஊன்றும் முன்பே கேளுங்கள். விற்று முடித்துவிட்டு ஆள் தேடினால், பணம் பொருளாளரின் அலமாரியில் தூங்கும், ஊரில் பேச்சு கிளம்பும். பொது இடத்தில் மேசை போடுவதற்கு முன் காவல் நிலையத்திலும் மாவட்ட மன்றத்திலும் அனுமதி பற்றி விசாரித்துவிடுங்கள். கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் போதாது, பாட்டிகளிடம் வாட்ஸ்அப் இருக்காது.

தீபாவளிக்குப் பிள்ளைகள் மலைக்குத் திரும்பும்போது விற்பதென்றால், மூன்று மாதம் முன்பே ஜெரேனியக் கிளைகளை ஊன்றிவிட வேண்டும். எல்லாம் பிடிக்காது. ஐம்பது வேண்டுமென்றால் எழுபது ஊன்றுங்கள். மிஞ்சினால் தமிழ்ப்பள்ளி வாசலில் வைக்கலாம்.