முதுகுளத்தூர் ஆடுகள் ஏன் மாளவேண்டும்?

முகவை மாவட்டத்து முதுகுளத்தூர் வட்டாரத்தில் மழைக்கு ஏங்காத உழவன் ஒருவனும் இல்லை. ஆயின், முதன்மழை பெய்து, கரிசற் காட்டில் பச்சை முளைவிட்ட சில நாள்களில், பட்டியில் கொழுத்து நின்ற குட்டியே முதலில் துள்ளி விழுந்து மாளுமானால், அம்மழையை அவன் எந்த முகத்தோடு வரவேற்பான்? நேற்று மாலை தாய்மடியை முட்டி முட்டிப் பால் குடித்த குட்டி, விடியலில் கழுத்து முறுக்கிக் கால் விறைத்துக் கிடக்கும். நோயுற்றது என்று சொல்ல ஒருநாட் படுக்கையும் இல்லை. இதற்கு ஆயர் வழக்கில் உள்ள பெயர் துள்ளுமாரி. மாரி என்னும் சொல்லுக்கு மழை என்றும் சாவு என்றும் இருபொருள் உண்டு. இரண்டும் ஒருங்கே வந்து நிற்கும் நோய்க்கு இதனினும் பொருந்திய பெயரை எந்த ஆய்வுக்கூடமும் தந்துவிட முடியாது.

நோய் தொழிற்படும் முறை விளங்கிவிட்டால் அதனைத் தடுக்கும் வழியும் விளங்கிவிடும். துள்ளுமாரியைச் செய்யும் நுண்ணுயிர் வெளியிலிருந்து வந்து புகுவதன்று. நலமான ஆட்டின் குடலிலேயே சிற்றளவில் குடியிருப்பது. கோடை முழுதும் காய்ந்த தாளையும் சருகையும் தின்று பழகிய வயிற்றில் இளம்புல் திடுமெனக் குவியும்போது, அது அளவிறந்து பெருகி நஞ்சைக் கக்குகின்றது. நஞ்சு குருதியிற் கலந்து மூளையைத் தாக்குகின்றது. மெலிந்த குட்டி தப்பிக்கொள்ள, மிகுதியாகத் தின்ற கொழுத்த குட்டி மாளுவதன் கரணியம் இதுவே. ஆகலின், முளைப்புற் காட்டுக்குப் பசித்த வயிற்றோடு மந்தையை விரட்டுதல் ஆகாது. வைகறைப் பனி காய்ந்தபின், கடலைக்கொடியோ சோளத்தட்டையோ சிறிது தின்னக் கொடுத்து, முதல் நாள்களில் ஓரிரு மணி நேரம் மட்டுமே மேயவிட்டு, பின்னர் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போதல் வேண்டும். தடுப்பூசியோ மழைக்கு முன்னரே, கன்னித் திங்களுக்குள் (புரட்டாசி) போடப்பட்டிருத்தல் வேண்டும்; முதன்முறை ஊசி கொள்ளும் ஆட்டுக்கு இரு கிழமை கழித்து மறு ஊசியும் வேண்டும். குட்டிகள் நாலைந்து மாண்டபின் மருந்தகத்துக்கு ஓடுவது, வெள்ளம் வந்தபின் அணை கோலுவதாகும்.

துள்ளுமாரியினும் கொடியது ஆட்டுக்கொல்லி. மேற்கு ஆப்பிரிக்காவில் 1942இல் முதன்முதல் விரித்துரைக்கப்பட்ட இந்நோய், இந்திய ஒன்றியத்தில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது 1987இல், தமிழ்நாட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளியொழுக்கு, வாய்ப்புண், நாற்றமுள்ள கழிச்சல், மூச்சுத்திணறல் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, தடுப்பூசி காணாத மந்தையை ஏறத்தாழ முழுதும் வாரிக்கொண்டு போக வல்லது. அரசூரில் எடுத்த அந்நச்சுயிரிலிருந்தே செம்மறிக்கான தடுப்பு மருந்தையும், கோவையில் 1997இல் எடுத்ததிலிருந்து வெள்ளாட்டுக்கான தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆக்கினர். உலக அறிவியல் ஏடுகளில் இன்று 'அரசூர் 87' என்றும் 'கோயம்புத்தூர் 97' என்றும் அவை பெயர் பெற்றுள்ளன. ஒரே ஓர் ஊசி. காப்போ ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு. குட்டி மூன்று திங்கள் கடந்ததும் போட்டுவிடலாம்.

தமிழ்ச் சிற்றூரின் பெயரைத் தாங்கிய மருந்து தமிழ் உழவனின் கைக்கு வரும்போது, புட்டியின்மேல் அவன் படிக்கத்தக்க ஓர் எழுத்தும் இருப்பதில்லை. குளிர் குறையாமல் வைக்கவேண்டும் என்பதும், கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்கவேண்டும் என்பதும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. வெயிலில் சூடேறிய மருந்தை ஏற்றிவிட்டு, 'ஊசி போட்டும் ஆடு செத்ததே' என்று அவன் நொந்துகொண்டால் பிழை எவருடையது? இது மொழிப்பற்றுப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஆட்டின் உயிர் பற்றிய செய்தி. மாட்டினத்தை அழித்துவந்த வெக்கை நோய் 2011இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் ஒழிப்பதென 2015இல் உலக அமைப்புகள் உறுதி பூண்டன. அவ்வுறுதி நிறைவேறுவது கடைசிப் பட்டியில் கடைசி ஆட்டுக்கும் ஊசி ஏறும்போதுதான். முதுகுளத்தூர்ச் சிற்றூர்களும் அக்கணக்கில் அடங்கியவையே.

இனித் தீனி. வெள்ளாடு தலைநிமிர்ந்து தின்னும். செம்மறி தலைகவிழ்ந்து தின்னும். இவ்வொரு வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒரே வெட்டவெளியில் ஓட்டிவிட்டு, வெள்ளாடு தேறவில்லை என்போர் பலர். வெள்ளாட்டுக்குத் தழை வேண்டும். அதுவும் ஒரே தழை அன்று. உடை, வேம்பு, வாகை, பூவரசு, அகத்தி என்று மாற்றி மாற்றிக் கடிப்பதே அதன் இயல்பு. வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு கிலோ பசுந்தழையும், சினைப்பட்டதற்கும் பால் கொடுப்பதற்கும் அதனோடு கால் கிலோ அளவில் அடர்தீனியும், நக்குவதற்குக் கனிம உப்புக் கட்டியும், தூய நீரும் வேண்டும். ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் குட்டிக்குச் சீம்பால் ஊட்டிவிடுதல் வேண்டும். சீம்பாலைக் கறந்து வீட்டார் உண்டுவிட்டு, 'குட்டி நோஞ்சானாய்ப் போயிற்று' என்பது தாயின் உணவைப் பறித்துப் பிள்ளையைப் பழிப்பது போன்றது.

முதுகுளத்தூரில் தழைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கண்மாய்க் கரையும் புறம்போக்கும் புன்செய்யும் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கின்றன. அதன் தழையை ஆடு தொடாது; நெற்றையோ ஆவலோடு தின்னும். இனிப்பும் புரதமும் உள்ள அந்நெற்று, கோடையில் ஆட்டின் உயிரைப் பிடித்து நிறுத்துகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அதையே தனித் தீனியாக நெடுநாள் தின்ற ஆடுமாடுகளுக்குத் தாடை தளர்ந்து நாக்கு இயங்காமற்போகும் நரம்பு நோய் பிரேசில் நாட்டில் அறியப்பட்டுள்ளது. மேலும், கடிபடாத விதை புழுக்கையோடு விழுந்து, ஆடு நடந்த இடமெல்லாம் புது முள்ளாய் முளைக்கின்றது. நெற்றைப் பொறுக்கி, உலர்த்தி, இடித்து, அடர்தீனியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கலந்து கொடுத்தால் விதையின் சத்தும் உடலிற் சேரும், முள்ளும் பரவாது.

சீமைக்கருவேலத்தை அகற்றுமாறு உயர்நயன்மன்றத்து மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டது. அகற்றுவது நன்றே. ஆனால், அகற்றிய இடத்தில் என்ன நிற்கப் போகின்றது? கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவனுக்கும், நெற்றை நம்பி ஆடு வைத்திருக்கும் கைம்பெண்ணுக்கும் விடை கூறாமல் மண்வாரி ஊர்தியை மட்டும் அனுப்பினால், மறுமழைக்கு அதே முள் முன்னினும் அடர்ந்து முளைக்கும். வேரோடு அகழ்ந்த இடத்தில் உடையும் வேம்பும் வாகையும் நட்டு, மூன்றாண்டு வேலியிட்டுக் காத்து, பின்னர் ஊர்ப் பொது மேய்ச்சலுக்கு விடும் திட்டமே திட்டம்.

சோளக்காட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு மிகும். ஈன்று முற்றாத அப்பயிரில் ஆடு வாய் வைத்தால் மூச்சு முட்டி விரைவில் மாளும். கதிர் வாங்கியபின் அறுத்து உலர்த்திய தட்டை நல்ல தீனி. வாடிய பச்சை நஞ்சு. அதுபோன்றே திருமண வீட்டுச் சோற்றையும் வடித்த கஞ்சியையும் அன்பினால் ஆட்டுக்கு வயிறு முட்டக் கொடுப்பதும் கேடு. சோறு வயிற்றிற் புளித்து அமிலமாகி, அசைபோடுதலை நிறுத்திவிடும். உடனே சிறிது ஆப்பச்சோடாவை நீரிற் கரைத்துப் புகட்டி மருத்துவரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும்.

மழை நின்றபின் வருவது புழுக்களின் காலம். கண்மாய் ஓரத்து ஈரப்புல்லில் ஏறும் உருண்டைப்புழுவும், நத்தை வழி வரும் ஈரற் தட்டைப்புழுவும் ஆட்டின் குருதியை உறிஞ்சி, தாடையின்கீழ் நீர்ப்பை தொங்கச் செய்யும். கீழ்க்கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்தால் போதும். செவ்வென்று இருந்தால் நலம், வெளிறியிருந்தால் புழு. தென்னாப்பிரிக்க அறிஞர்கள் இதனை நிற அட்டையாகவே ஆக்கினர். வெளிறியதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் மருந்துக்கு மசியாத புழுக்கள் பெருகா. காசும் மிஞ்சும்.

இத்தனை இடர்களுக்கிடையிலும் இம்மண்ணில் நிலைத்து நிற்பவை இம்மண்ணின் ஆடுகளே. உயர்ந்த காலும் நீண்ட உடலுமாய், வெள்ளையிற் கருமை தெளித்த கரும்போரை, செம்மை தெளித்த செம்போரை என இருவகைப்படும் கொடியாடு. முகத்தில் இருபுறமும் கோடிட்ட கன்னியாடு. செம்மறியில் இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல். வெயிலுக்கும் நெடுநடைக்கும் பழகிய இவற்றின் கிடாய்களை முதலிலேயே இறைச்சிக்கு விற்றுவிட்டு, எடை ஏறும் என்னும் ஆவலில் அயலினக் கிடாயை விடுகின்றனர். கலப்புக் குட்டி கொட்டிலில் நன்றாய்த்தான் இருக்கும். கரிசல் வெயிலில் நாலு கல் நடந்து மேயும்போது தெரியும். மொழிக்கலப்பின் கேட்டை உணர்ந்தோர்க்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆண்பாற்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் கூறும்; மூடு என்னும் பெண்பாற் பெயரோ 'மூட்டுக்குட்டி' என ஆயர் வாயில் இன்றும் வழங்குகின்றது. சொல் பிழைத்திருப்பது ஆடு பிழைத்திருப்பதனால்.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலக்கம் வெள்ளாடுகளும் 45 இலக்கம் செம்மறிகளும் உள்ளன. அவற்றை வைத்திருப்போருள் பெரும்பாலோர் சிறுநிலமும் நிலமின்மையும் உடையோர். மகள் திருமணமோ மருத்துவச் செலவோ மகனின் கல்லூரிக் கட்டணமோ, ஓர் ஆட்டை விற்று ஈடுகட்டும் அவர்க்குப் பட்டியே வைப்பகம். முகவையின் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அம்மிளகாய்க் காட்டுக்கு உரமேற்றும் கிடையாட்டின் பங்கைப் பேசியவர் எவர்? 2011இல் வீட்டுக்கு நான்கு ஆடு விலையின்றி வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஆடு வழங்குவது ஒருநாள் விழா. ஆட்டைக் காப்பது ஆண்டு முழுதும் வேலை. விழாவுக்கு வந்த பந்தலும் ஒலிபெருக்கியும் கன்னித் திங்களில் ஊசிக்கும் வரவேண்டும்.

1962 என்னும் எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பதை முதுகுளத்தூர்க் கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் மூதாட்டிக்குச் சொல்லித் தருதல் இளைஞர் செய்யத்தக்க பணி. ஊர்தோறும் பட்டிகளைக் கணக்கெடுத்து, எந்தப் பட்டிக்கு எந்த ஊசி எந்நாளில் போடப்பட்டது எனத் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதி, மழைக்கு முன் மருந்தகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால், போடாதவர் எவர் என்பது மருத்துவருக்கும் தெரிந்துவிடும். சந்தையில் புதிதாய் வாங்கிவந்த ஆட்டை மூன்று கிழமை தனியே கட்டிப் பார்த்தபின்னரே மந்தையில் சேர்க்கவேண்டும் என்பதையும் அக்குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம்.