வெந்த வர்ணம் சொல்லும் செய்தி

காரின் பின்பக்கம், புகைக்குழாய்க்கு மேலே மட்டும் வர்ணம் பழுப்பேறிக் கொப்பளித்திருந்தால், அதை வெயிலின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். வெயில் கூரையையும் பொனட்டையும் அல்லவா முதலில் வெளுக்கச் செய்யும்?

எஞ்சினும் புகைக்குழாயும் நெருக்கமாக அடைபட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தத் தொல்லை அதிகம். ஒரு பிளக் ஒழுங்காகப் பொறி தராவிட்டால், எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு 1000 பாகை செல்சியசையும் தாண்டலாம். உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிப் புகை போகும் வழியை அடைத்துவிடும். காரின் இழுவை குறையும்.

சூட்டைத் தடுக்கும் பகுதியே ஆபத்தாவதும் உண்டு. 2010இல் பெராரி நிறுவனம் 458 இட்டாலியா கார்கள் 1,248ஐத் திரும்ப அழைத்தது. சக்கர வளைவில் வெப்பத் தடுப்பை ஒட்டியிருந்த பசை, கடுஞ்சூட்டில் தீப்பற்றக்கூடியதாக இருந்ததே காரணம். பசையை நீக்கிவிட்டு, உலோகப் பிணைப்புகளால் பொருத்திக் கொடுத்தார்கள்.

ஆகவே, பெயின்டரிடம் போகுமுன் மெக்கானிக்கிடம் போகச் சொல்லுங்கள். முதலில் பிளக்கும் கொயிலும். அடுத்து குழாய் மூட்டுகளில் கசிவு. பிறகு கொன்வேர்ட்டரில் அடைப்பு. கடைசியாக வெப்பத் தடுப்புத் தகடு. இந்த வரிசையில் பார்க்கட்டும்.

ஓடும்போது எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். காய்ந்த புல்லின் மேல் நிறுத்த வேண்டாம். பிள்ளைகளைப் புகைக்குழாய்ப் பக்கம் விடாதீர்கள்.

நோயை உள்ளே வைத்துக்கொண்டு தழும்புக்கு மட்டும் மருந்து பூசுவதால் என்ன பயன்? புது வர்ணமும் அதே இடத்தில் வேகும்.