கமுதிக் கதவைச் சாத்தியது எந்தப் புத்தகம்?

ஒரே புத்தகம், ஒரே தூதர் என்று இருக்கிற மதங்களில்தான் அடிப்படைவாதம் வளருமாம். ஆயிரம் சாமி கும்பிடுகிற நமக்கு அந்த நோய் வரவே வராதாம். திருச்சுழிப் பக்கத்து மேடைகளில் ஒரு சொற்பொழிவாளர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். கூட்டமும் கை தட்டுகிறது. தட்டுகிறவர்களில் பலருடைய பாட்டன் பூட்டன், கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

அவர் வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்தில் இருக்கிற கமுதிக்குப் போனால் போதும். 1897 மே மாதம் அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் சாமி கும்பிட நுழைந்தார்கள். அவர்கள் வேற்று மதத்தார் அல்ல, சிலையை உடைக்க வந்தவர்களும் அல்ல. அதே மீனாட்சியை அம்மா என்று அழைத்தவர்கள். அவர்கள் கால் பட்டதால் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்றும், சுத்தி செய்யப் பணம் தர வேண்டும் என்றும் வழக்குப் போடப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கேயும் நாடார்கள் தோற்றார்கள். காலங்காலமாக அவர்கள் உள்ளே போனதில்லை, ஆகவே இனியும் போகக் கூடாது என்பதுதான் அவர்களுக்கு எதிராக நின்ற வாதத்தின் சாரம். நேற்றுவரை அடைத்திருந்ததே இன்றைக்கும் அடைத்து வைக்க ஆதாரமாகிவிட்டது.

வழக்குப் போட்டவர் யார்? ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்றவர். அதே 1897 ஜனவரியில் பாம்பனில் அவரை எதிர்கொண்டு வரவேற்றவர். எல்லா மதமும் உண்மை என்று உலகுக்குச் சொன்ன குரலை மனமாரப் போற்றிய மன்னராலும் தன் சமஸ்தானத்துக் கோயில் கதவைத் திறக்க முடியவில்லை. சாமிகள் பலவாக இருந்தால் மனசு விரிந்துவிடும் என்கிற வாதம் இங்கேயே செத்துப்போகிறது.

அது சாதிச் சண்டை, மதத்தில் சேராது என்று சொற்பொழிவாளர் நழுவப் பார்ப்பார். தீட்டு, ஆகமம், சுத்தி என்றெல்லாம் கோர்ட்டில் பேசியது யார் பாஷை? இரண்டே வருஷத்தில், 1899 ஜூன் 6இல் நாடார்களுக்கு எதிரான சிவகாசிக் கொள்ளை நடந்தது. அதற்கு முன்னும் கோயில் நுழைவுத் தகராறுதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் சத்திரியர், ஆகவே எங்களை விடுங்கள் என்பதே நாடார்கள் தரப்பு வாதம். எல்லோரையும் விடுங்கள் என்று அவர்களும் அன்றைக்குக் கேட்கவில்லை. அடிபட்டவனையும் அடித்தவனுடைய அளவுகோலையே ஏந்த வைக்கும் இந்த அடிப்படைவாதச் சிந்தனை. அதன் உண்மையான ஆபத்து இதுதான்.

பக்திமான் எல்லாம் அடிப்படைவாதியா என்று சொற்பொழிவாளர் கோபப்படுகிறார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. கமுதிச் சம்பவத்துக்கு முந்தைய வருஷம், 1896 செப்டம்பரில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த வேங்கடராமன், 1879இல் இதே திருச்சுழியில் பிறந்தவர்தான். ரமணராகி, வந்தவரையெல்லாம் நான் யார் என்று தன்னையே கேட்டுப் பார்க்கச் சொன்னார். அருணாசலத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தியை யார் குறை சொல்ல முடியும்? அந்தப் பக்தி எவரையும் வாசலில் நிறுத்தவில்லை.

ஆகவே அடிப்படைவாதியை அடையாளம் காண அவர் கையில் எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பயனில்லை. எதைக் காட்டினால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்க வேண்டும். 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்களும் ஒரு நாடாரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனாலும் பட்டர்கள் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள். கண்ணெதிரே நடந்ததுகூட அவர்களை அசைக்கவில்லை. இதே பிடிவாதம் பைபிளோடும் வரும், குர்ஆனோடும் வரும், ஆகமத்தோடும் வரும், கட்சிக் கொள்கையோடும் வரும்.

சொற்பொழிவாளருக்கு ஒரே ஒரு கேள்வி. கமுதி நாடார்களை வெளியே நிறுத்தியது சரியா, தவறா? தவறு என்றால், வழக்கம் என்பதற்காகவே ஒன்று சரியாகிவிடாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். சரி என்றால், அதை நாடார்கள் நிறைந்த அருப்புக்கோட்டை பஜாரில் மைக் பிடித்துச் சொல்லுங்கள்.