தணிக்கைக்கு நன்றி சொல்பவர்கள்

ஈரானியத் திரைப்படங்களைப் பற்றி நம் ஆர்வலர்கள் பேசத் தொடங்கினால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. 'எவ்வளவு எளிமையான கதை!' என்பது முதலாவது. 'அங்கே தணிக்கை அவ்வளவு கெடுபிடியாக இருப்பதால்தான் இப்படிப்பட்ட படங்கள் வருகின்றன' என்பது இரண்டாவது. திரையிடல் முடிந்து தேநீரோடு நிற்கும் வட்டங்களிலும், இலக்கியக் கூட்டங்களின் இடைவேளைகளிலும், நேற்றிரவு பார்த்த படத்தை இன்று காலை நண்பருக்கு ஒப்பிக்கும் தொலைபேசி உரையாடல்களிலும் இவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். முதலாவதைச் சோம்பல் என்று விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட முடியாது. ஆனால் முதலாவதிலிருந்துதான் இரண்டாவது முளைக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

ஜாபர் பனாஹியின் முதல் முழுநீளப் படமான 'வெள்ளை பலூன்' (1995) பற்றி நம்மிடையே புழங்கும் கதைச் சுருக்கம் இது: புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் புறப்பட்ட சிறுமி வழியில் பணத்தைத் தவறவிடுகிறாள், அண்ணனின் உதவியோடு மீட்டு, மீனோடு வீடு திரும்புகிறாள். எளிமை, கவித்துவம், குழந்தைமை என்று மூன்று சொற்களைச் சேர்த்தால் விமர்சனமும் முடிந்துவிட்டது. ஆனால் படத்தின் பெயர் 'தங்கமீன்' இல்லையே. சாக்கடைக் கம்பிக்கடியில் விழுந்த நோட்டை எடுக்க உதவுபவன், தெருவில் பலூன் விற்கும் ஓர் ஆப்கானியச் சிறுவன். அவனுடைய கோலின் நுனியில் சூயிங்கம்மை ஒட்டித்தான் பணம் மேலே வருகிறது. வேலை முடிந்ததும் அண்ணனும் தங்கையும் போய்விடுகிறார்கள். நகரம் புத்தாண்டை எண்ணிக் காத்திருக்கிறது. போவதற்கு வீடில்லாத அந்த அகதிச் சிறுவன் கோலில் மிஞ்சிய ஒற்றை வெள்ளை பலூனோடு உட்கார்ந்திருக்க, பிம்பம் உறைகிறது. பல லட்சம் ஆப்கானியர்கள் ஈரானில் அகதிகளாக இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் இது. இவ்வளவு நேரமும் நாம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரைப் பார்க்காமல் விட்டோம் என்று கடைசி நொடியில் அது நம்மைத் திருப்பிக் கேட்கிறது. நம் கதைச் சுருக்கங்களில் அந்தப் பையன் இல்லை. அந்தச் சிறுமி மறந்ததைப் போலவே நம் விமர்சகர்களும் அவனைத் தெருவில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' (1987) இன்னும் மோசமாகப் பாராட்டப்படுகிற படம். வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்துவந்த அகமத், அதைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். 'களங்கமற்ற குழந்தை மனம்' என்று சிலாகிக்கிறோம். வழியில் பேரனை மறித்துச் சிகரெட் எடுத்துவர அனுப்பும் தாத்தாவை நினைவிருக்கிறதா? அவரிடம் சிகரெட் இருக்கிறது. பையன் கீழ்ப்படிகிறானா என்பதே அவருக்கு வேண்டும். தன் தந்தை வாரம் ஒரு காசும் இரு வாரத்துக்கு ஒரு முறை அடியும் கொடுப்பார், காசை எப்போதாவது மறப்பாரே தவிர அடியை மறந்ததில்லை என்று அவர் பெருமையாக விளக்குகிறார். பிள்ளை எந்தத் தவறும் செய்யாவிட்டால்? ஏதாவது காரணம் கண்டுபிடித்து அடிக்க வேண்டும் என்கிறார். அதிகாரம் ஒரு கிராமத்துத் திண்ணையில் எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி வேண்டுமா? அகமத் இறுதியில் நண்பனைக் காப்பாற்றுவதும் பெரியவர்களின் சொல்லை மீறியும், நண்பனுக்காகத் தானே பாடம் எழுதி ஆசிரியரை ஏமாற்றியும்தான். கீழ்ப்படியாமையைக் கொண்டாடும் ஒரு படத்தை நல்லொழுக்கப் பாடமாக்கி வைத்திருக்கிறோம். இயற்கையின் எளிமை என்று மெச்சப்படுகிற, குன்றின் மீது வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதைகூடப் படத்துக்காகவே உருவாக்கப்பட்டதுதான்.

இப்படி ஒரு படத்தில் கடினமானவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது எளிமைதான். இந்த எளிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கைவசம் இருக்கிற பதில்தான் தணிக்கை.

முதலில் வரலாற்றைச் சரிபார்ப்போம். குழந்தைகளை மையமாகக் கொண்ட ஈரானியப் படங்களை இஸ்லாமியக் குடியரசு பெற்றெடுக்கவில்லை. குழந்தைகள், இளையோர் அறிவு வளர்ச்சிக்கான 'கானூன்' நிறுவனம் 1960களின் நடுவில், ஷாவின் காலத்திலேயே தொடங்கப்பட்டது. அங்கே திரைப்படப் பிரிவு உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவரான கியாரோஸ்தமி, ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனையும் சந்தில் அவனை மறிக்கும் நாயையும் வைத்துத் தன் முதல் குறும்படத்தை 1970இல் எடுத்தார். சொராப் ஷாஹித் சாலெஸ் அதே பத்தாண்டின் முற்பகுதியில் சிறுவர்களையும் முதியவர்களையும் பற்றி மௌனம் நிறைந்த படங்களை எடுத்துவிட்டு, ஷாவின் கெடுபிடியால் ஜெர்மனிக்குப் போய்விட்டார். 1979க்குப் பிறகு நடந்தது வேறு. பெண் பாத்திரங்கள் தம் வீட்டுக்குள்ளேயும், சொந்தக் கணவன் முன்னாலும், தலையை மூடியே திரையில் தோன்ற வேண்டும் என்றானது. கணவன் மனைவியாக நடிப்பவர்கள் ஒருவரையொருவர் தொடக் கூடாது என்றானது. தூங்கி எழும் பெண்ணின் தலையிலும் முக்காடு இருக்கும் என்றால், வீட்டின் உட்புறத்தைக் காட்டும் காட்சி ஒவ்வொன்றும் பொய். பொய் சொல்ல விரும்பாதவர்கள் தெருவுக்கும் வயலுக்கும் காருக்குள்ளும் போனார்கள். குழந்தைகள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். நான்கு வாசல்களை அடைத்த பிறகு ஐந்தாவது வழியாக ஒருவர் வெளியே வந்தார். நாம் அடைத்தவனுக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கட்டுப்பாடுகள் கற்பனையைத் தூண்டும் என்று கியாரோஸ்தமியே பேசியிருக்கிறாரே என்பார்கள். தன் கைவிலங்கைப் பற்றி ஒரு கலைஞன் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், கண்ணியத்துக்காகவும் பேசலாம். அதே கியாரோஸ்தமி 2010இல் இத்தாலியில் ஜூலியட் பினோஷை வைத்து 'சர்டிஃபைட் காப்பி'யை எடுத்தார், 2012இல் ஜப்பானில் 'லைக் சம்ஒன் இன் லவ்' எடுத்தார். தெஹ்ரானின் தணிக்கை அதிகாரி உடன் போகவில்லை. படங்கள் கெட்டுப்போய்விட்டனவா?

தணிக்கையால் 'கிடைத்த' படங்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. கிடைக்காதவற்றின் பட்டியல் யாரிடமும் இல்லை. பஹ்ராம் பெய்சாயின் 'பாஷு' 1980களின் நடுவில் எடுக்கப்பட்டு 1989 வரை முடக்கி வைக்கப்பட்டது. போரில் குடும்பத்தை இழந்து வடக்கே ஓடிவரும் கறுத்த தோலுடைய தென்பகுதிச் சிறுவனும், அவனுடைய மொழி புரியாமலே அவனைத் தன் பிள்ளையாக ஏற்கும் ஒரு கிலான் பகுதிப் பெண்ணுமே அதன் மையம். அந்தப் பெண்ணாக நடித்த சூசன் தஸ்லிமி நாட்டைவிட்டு வெளியேறி ஸ்வீடனுக்குப் போனார். பெய்சாயும் 2010இல் வெளியேறினார். இவர்கள் தம் ஊரில் இருந்து எடுத்திருக்கக்கூடிய படங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இங்கே மஜித் மஜிதியையும் பனாஹியையும் ஒரே மூச்சில் 'ஈரான் சினிமா' என்று சொல்வது எவ்வளவு பிழை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) நல்ல படம்தான். ஆனால் அதன் இயக்குநர் 2015இல் நபிகள் பற்றிய பெரும் பொருட்செலவுப் படத்தை அரசின் ஆதரவோடு எடுத்து வெளியிட்டார், ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த படம் என்பதால் நம்மவர்களுக்கும் தெரியும். அதே ஆண்டில் பனாஹி, படமெடுக்க இருபது ஆண்டுத் தடையோடு, தானே ஓட்டிய டாக்சிக்குள் கேமராவை மறைத்து எடுத்த படத்துக்கு பெர்லினில் தங்கக் கரடி பெற்றார். இருவரும் ஒரே தணிக்கையின் கீழ் 'மலர்ந்தவர்கள்' என்பது என்ன ரசனை?

வீட்டுக்காவலில் இருந்தபடி பனாஹி உருவாக்கிய 'இது ஒரு திரைப்படமல்ல' (2011) பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், கேக்குக்குள் ஒளித்துக் கடத்தப்பட்டதாமே என்ற செய்திதான் முந்திக்கொண்டு வருகிறது. படத்துக்குள் நடப்பதை யாரும் சொல்வதில்லை. அனுமதி மறுக்கப்பட்ட ஒரு திரைக்கதையை அவர் வாசித்துக் காட்ட முனைகிறார். பல்கலைக்கழகத்துக்குப் போகவிடாமல் வீட்டில் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணின் கதை அது. தன் வரவேற்பறைக் கம்பளத்தின் மீது நாடாவை ஒட்டி அவளுடைய அறையைக் குறிக்கிறார், இங்கே கதவு, இங்கே சன்னல் என்கிறார், திடீரென்று நின்றுவிடுகிறார். ஒரு படத்தைச் சொல்லிவிட முடியும் என்றால் அதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறார். சொல்வதற்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட ஒருவருடைய துயரம் அது. எல்லாவற்றையும் பார்க்கும் வசதி பெற்ற நாமோ பார்த்ததைக் கதையாகச் சொல்லி ஓய்கிறோம். 2025இல் கேன்ஸில் தங்கப்பனை வென்ற 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்' படத்துக்கும் இதே கதிதான். பழிவாங்கலா, மன்னிப்பா என்று பட்டிமன்றம் தொடங்கியாகிவிட்டது. கண்கட்டோடு விசாரிக்கப்பட்டவர்கள் தம்மை வதைத்தவனை ஒரு செயற்கைக் காலின் ஓசையைக் கொண்டு அடையாளம் காண முயலும் படம் அது. கைப்பேசியில், ஒலியைக் குறைத்து வைத்து, சப்டைட்டிலை மட்டும் வாசித்து முடித்தவர்கள் பட்டிமன்றத்தில் எந்த அணியில் இருந்தால் என்ன?

சிற்றிதழ் வாசகர்களிடம் ஒரு கேள்வி. பெருமாள்முருகன் 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தபோது, 'இனித்தான் அவரிடமிருந்து நல்ல நாவல் வரும்' என்று நம்மில் யாராவது சொன்னோமா? சொல்லியிருந்தால் அவரை இந்த வட்டத்துக்குள் அடுத்த நாள் நுழைய விட்டிருப்போமா? தமிழ் எழுத்தாளனுக்குச் சொல்லக் கூசியதை பாரசீகத் திரைக்கலைஞனுக்கு இவ்வளவு தாராளமாக வழங்குகிறோம்.

முகமது ரசூலோஃபின் 'த சீட் ஆஃப் த சேக்ரட் ஃபிக்' (2024) ரகசியமாக எடுக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நடக்கிறது. தாயும் இரண்டு மகள்களும் தம் வீட்டில், முக்காடு இல்லாமல், எல்லா வீடுகளிலும் பெண்கள் இருப்பதைப் போல இருக்கிறார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளாக அடைத்து வைக்கப்பட்டிருந்த வாசல் அது. எட்டாண்டுச் சிறையும் கசையடியும் விதிக்கப்பட்ட ரசூலோஃப் மலைகளை நடந்து கடந்து நாட்டைவிட்டு வெளியேறினார். தாயாக நடித்த சொஹைலா கொலெஸ்தானியும் தந்தையாக நடித்த மிசாக் சாரேயும் ஈரானிலேயே இருந்தார்கள். கேன்ஸின் சிவப்புக் கம்பளத்தில் ரசூலோஃப் அவர்கள் இருவரின் புகைப்படங்களையும் ஏந்தி நின்றார்.