குழந்தையைக் கூட்டிக்கொண்டு பழவேற்காடு போகலாமா?

போகலாம். போயே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் மெரினாவுக்குப் போகிற மாதிரி போகக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்க ஊர் ஆட்டையாம்பட்டி. கை முறுக்குக்குப் பேர் போன ஊர். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு என்னவென்றால், முறுக்கு மாவில் போடுகிற உப்பு, அவ்வளவுதான் :-) எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். லீவு விட்டால் ஏற்காடு, மேட்டூர், ஒகேனக்கல், மிஞ்சிப் போனால் கொல்லிமலை. கடல் என்றால் ராமேஸ்வரம், கன்னியாகுமரி, அதுவும் சாமி கும்பிடப் போகிற சாக்கில். அதனால் எங்க பக்கத்துப் பிள்ளைகள் பல பேர் கடலை முதலில் பார்ப்பது டிவியில்தான்.

போன தை மாசம் அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய ஆறு வயதுப் பையன், நான் என்று நாலு பேர் பழவேற்காடு போய் வந்தோம். கிளம்பும்போதே பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேட்டார். "அங்க என்னப்பா இருக்குது? பச்சப் புள்ளைய வேற கூட்டிக்கிட்டு... தீம் பார்க்குக்குப் போனா அது சந்தோசமா வெளையாடுமில்ல?"

நியாயமான கேள்வி. அங்கே என்னதான் இருக்கிறது?

பழவேற்காடு தமிழ்நாட்டுக் கடற்கரையின் வடகோடி. சேலத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது சென்னை. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, பிறகு பஸ். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே வரப்பு போலக் கிடக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டி, துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டை அழிந்து விட்டது. கல்லறைத் தோட்டம் மட்டும் நிற்கிறது. அதன் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்க பையன் அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து வர மாட்டேன் என்று அடம் பிடித்தான்!

பூநாரை பார்த்தோம். போட்டோவில் வருகிற மாதிரி பக்கத்தில் இல்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அது அசைந்தபோதுதான் பறவை என்று தெரிந்தது. ஒருத்தரிடம் பைனாகுலர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பையன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, அது ஏன் தலைகீழா சாப்பிடுது?" உண்மையிலேயே அது அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அரித்துத்தான் தின்னும். சேற்றுத் தண்ணீரில் இருக்கிற நுண்ணிய பாசியும் பூச்சியும்தான் அதன் உணவு, அதிலிருந்துதான் அந்த இளஞ்சிவப்பு நிறமே வருகிறது. ஏரி பெரும்பாலும் ஒரு மீட்டர் ஆழம்தான் என்பதால் அதற்கு வசதி. அதே ஆழமில்லாத தண்ணீரில் இருளர் பெண்கள் வலை இல்லாமல் கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். எந்தத் தீம் பார்க்கில் இதற்கு டிக்கெட் கொடுப்பார்கள்?

பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் கடல். சுண்டல் இல்லை, குதிரை இல்லை, ராட்டினம் இல்லை. மணல், காற்று, இழுத்துப் போட்ட படகுகள், இரைச்சல். பையன் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவன் அம்மா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இது எங்க முடியுது?" என்றான். அந்தப் பயமும் ஆச்சரியமும் சேர்ந்த முகத்தை நான் மெரினாவில் எந்தக் குழந்தையிடமும் பார்த்ததில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பழவேற்காடு என்றதும் வேறொன்றும் ஞாபகம் வர வேண்டும். 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் குடும்பமாகச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. படகில் அளவுக்கு மீறிக் கூட்டம். யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள்.

தடை போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் தடையோடு கதையை முடித்துவிடுகிறோமே, அதுதான் என் வருத்தம். நாங்கள் போயிருந்தபோதும் ஒருத்தர் வந்து, "சார், படகுல ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரர், "லைஃப் ஜாக்கெட் இருக்குதுங்களா?" என்றார். "அதெல்லாம் எதுக்கு சார், தண்ணி இடுப்பளவுதான்!" என்று பதில் வந்தது. நாங்கள் ஏறவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஏறுகிற குடும்பம் எத்தனை இருக்கும்?

ஒகேனக்கல் பரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்று விதி இருக்கிறது. பரிசல் ஓட்டுகிறவருக்கும் பிழைப்பு நடக்கிறது, ஏறுகிறவருக்கும் ஒரு பாதுகாப்பு. காவிரியில் முடிகிற காரியம் கடலோரத்தில் முடியாதா? காமர்ஸ் படிக்கிறவன் புத்தியில் சொல்கிறேன்: கேட்பவர்கள் இருக்கும் வரை தடையால் ஒரு தொழில் நின்றுவிடாது, மறைவாக நடக்கும். மறைவாக நடக்கிற தொழிலில் முதலில் வெட்டு விழுவது பாதுகாப்புச் செலவுக்குத்தான்.

இந்த மாதிரி செய்தி வந்தால் நம் வீடுகளில் எடுக்கிற முடிவு ஒன்றுதான்: "இனிமே கடல் பக்கமே போக வேண்டாம்." இது பிள்ளையைக் காப்பாற்றாது என்பது என் வாதம். இன்றைக்கு நாம் கூட்டிப் போகாவிட்டால், பத்து வருஷம் கழித்துக் காலேஜ் சிநேகிதர்களோடு அவனே போவான். கிணற்றில் நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் இறங்குவான். கிணறு வேறு, கடல் வேறு. கிணற்றுத் தண்ணீர் ஆளை இழுக்காது, கடல் இழுக்கும். அதுவும் எப்படி? அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பல நேரம் இழுப்பு அதிகம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது, ரிப் கரண்ட் என்பார்கள். தெரியாதவன் "இங்கதான்டா அலையே இல்ல" என்று அங்கேயே இறங்குவான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகக் கூடாது. மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதை எங்க பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

சொல்லித் தந்தால் என்ன ஆகும்? 2004 டிசம்பர் 26. தாய்லாந்தில் ஃபுக்கெட் பக்கம் மை காவ் கடற்கரைக்கு அப்பா, அம்மா, தங்கையோடு வந்திருந்தாள் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி. கடல் நுரைத்துக் கொதிப்பது போல மாறியதைப் பார்த்ததும், இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்த சுனாமி அவளுக்கு ஞாபகம் வந்தது. கத்திக் கூப்பாடு போட்டுப் பெற்றோரை நம்ப வைத்தாள். கடற்கரையில் இருந்த நூறு பேர் அளவில் தப்பித்தார்கள். அதே நாளில் நம் கடலோரத்திலும் சுனாமி வந்தது. என்ன வருகிறது என்று தெரியாமலே எத்தனையோ பேரைப் பறிகொடுத்தோம். ஒரு குழந்தையின் தலையில் இருந்த ஒரே ஒரு பாடம் என்ன செய்தது பார்த்தீர்களா?

அதனால் என் யோசனை இதுதான். குழந்தையைக் கூட்டிப் போங்கள், பாடத்தோடு கூட்டிப் போங்கள். முதலில் உட்கார்ந்து கால் மணி நேரம் கடலைப் பார்க்க விடுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று அந்த ஊர் மீனவரிடம் கேளுங்கள்; குழந்தை எதிரிலேயே கேளுங்கள், அதுவும் ஒரு பாடம். சின்னப் பிள்ளைக்குக் கணுக்கால் தண்ணீர் போதும், மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்க வேண்டாம். ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் இறங்கவே வேண்டாம். ஜாக்கெட் இல்லாத படகில் பெரியவர்களும் ஏறக் கூடாது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லி வையுங்கள். இருட்டும் முன் திரும்பி விடுங்கள். தின்பண்டம் வீட்டிலிருந்தே கொண்டு போய்க் குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள் (நாங்கள் முறுக்கு கொண்டு போனோம், சொல்ல வேண்டுமா!).

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ரெஸ்ட்டாரண்ட் இல்லை, பார்க் இல்லை, ஒரு வசதியும் இல்லை" என்று குறைபட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். குடிதண்ணீரும் கழிப்பறையும் உயிர் காப்பவர்களும் கேட்போம், அது நியாயம். அதற்கு மேல் கேட்டால் இன்னொரு மெரினாதான் கிடைக்கும். ஏற்கெனவே தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தாயிற்று. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆண்டுக்கு 32 கோடி டன் கையாளும் அளவுக்குப் பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் பல வருஷமாக எதிர்த்து வந்திருக்கிறார்கள். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். ஆனால் அந்த ஏரியைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கும், பேப்பரில் மட்டும் படித்த பிள்ளைக்கும் அந்தச் செய்தி ஒன்றாக இருக்காது.

நம்மூர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணீரே அபூர்வம். அதனால்தான் தண்ணீரைக் கண்டதும் குதிக்கிறார்கள். குதிக்கிற வயசு வருவதற்கு முன்பே, பெற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, கடல் எவ்வளவு பெரியது என்று அவர்கள் பார்த்துவிட வேண்டும். தீம் பார்க்கை எந்த வயசிலும் பார்த்துக்கொள்ளலாம்.