பத்தாம் வகுப்பும் பரதேசப் பிரயாணமும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே நமது வன்னியம்பட்டியைப் போல் கிராமங்கள் பல இருக்கின்றன. மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியானதும் இக்கிராமங்களில் ஒரு பேச்சு எழும். "பையன் தேறிவிட்டான், இனிமேல் பாஸ்போர்ட்டில் இ.ஸி.ஆர். விழாது" என்பார்கள். மார்க்கு எவ்வளவு, மேலே என்ன படிக்கப் போகிறான் என்பதெல்லாம் அப்புறந்தான். உபாத்தியாயர்களாகிய நாம் பத்து வருஷம் கணிதமும் இலக்கணமும் கற்பித்ததன் பலன் அந்த மூன்று எழுத்துக்களை அழித்ததுதானோ என்று சில சமயம் தோன்றுவதுண்டு. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மானாவாரி நிலத்தையும் மில் வேலையையும் மட்டும் நம்ப முடியாத குடும்பங்களில் அரபு நாட்டுச் சம்பளம் என்பது பெண்ணின் கல்யாணம். அடகுக் கடையிலிருந்து மீளும் நகை. ஆனால் அந்த மூன்று எழுத்துக்களின் பொருளை அறிந்துகொண்டு சந்தோஷப்படுவோர் மிகச் சிலரே.

'அந்நிய நாட்டில் வேலைக்குச் செல்லச் சர்க்கார் அநுமதி தேவை' என்பதே அவ்வெழுத்துக்களின் கருத்து. பத்தாம் வகுப்புத் தேறாதவர், வருமான வரி செலுத்துவது போன்ற வேறு விலக்குகளும் இல்லாதவர், குறிப்பிட்ட 18 நாடுகளில் ஏதேனும் ஒன்றுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் சம்மதம் பெற்றே கப்பலோ விமானமோ ஏறவேண்டும். ஸவூதி அரேபியா, குவைத், கட்டார், ஓமான், பஹ்ரேன், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஆகிய ஆறும், மலேசியா, தாய்லாந்து, ஈராக், லிபியா முதலியவையும் அப்பட்டியலில் அடங்கும். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இதற்கு ஆதாரம். ஊரிலோ, அந்த முத்திரையைப் படிப்பில்லாதவன் நெற்றியில் இட்ட கரும்புள்ளியாகவே எண்ணுகிறார்கள். உண்மையில் அது காவலுக்காக ஏற்பட்டது. அந்தக் காவலை நம்மவர்கள் போராடியே பெற்றார்கள் என்பது இன்று பலருக்கு மறந்துவிட்டது.

ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க வேண்டுமென்று கோகலே 1912-ல் இம்பீரியல் சட்ட சபையில் பிரேரணை கொண்டுவந்தார். அது அப்போது தோற்றது. 1917-ல் அம்முறைக்கு ஆள் திரட்டுவது நிறுத்தப்பட்டது. அதன் பின் வந்ததே 1922-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம். அந்நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் அதே ஜில்லாவின் கோடியிலுள்ள மண்டபத்தில் இறங்கின. அங்கே, நமது மண்ணிலேயே, இலங்கைச் சர்க்காரின் முகாம் ஒன்று இருந்தது. சில தினங்கள் அதில் அடைபட்டு, வைத்தியப் பரிசோதனையும் அம்மைப் பாலும் முடிந்த பிறகே தனுஷ்கோடியில் கப்பல் ஏறலாம். எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதைக் காட்ட ஒரு தகரத் துண்டு கழுத்தில் தொங்கிய காலமும் உண்டு. அதுவே அவர்களுடைய பாஸ்போர்ட்டு, அதுவே விஸா! கங்காணியிடம் பட்ட கடனோ அந்தத் தகரத்தைவிடக் கனமாகக் கழுத்தை அழுத்தியது. 1939 ஆகஸ்டில் இந்திய சர்க்கார் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடுத்தது. 1949 நவம்பர் முதல் தேதியிலிருந்து இலங்கையின் புதிய குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்து, இந்தியர் அங்கே நுழைவதற்குப் பாஸ்போர்ட்டும் விஸாவும் அவசியமாயின.

இப்போது கங்காணியின் இடத்தில் ஏஜெண்டு இருக்கிறார். லைசென்ஸ் பெற்ற ஏஜெண்டு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி. வரியும்தான் வாங்கலாம் என்பது விதி. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவர்களை நாம் அறிவோம். கேட்டதைக் கொடுப்பவர்களையும் அறிவோம். இ.ஸி.ஆர். உள்ளவன் நேர்வழியில் போனால், அவனை வேலைக்கு அழைக்கும் முதலாளி 'இ-மைக்ரேட்' என்ற சர்க்கார் ஏற்பாட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். வேலை இன்னது, சம்பளம் இவ்வளவு என்ற ஒப்பந்தம் அதில் ஏற வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய் என்ற அற்பக் கட்டணத்தில், விபத்தில் உயிர் போனால் 10 லட்ச ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும் இன்ஷ்யூரன்ஸும் கட்டாயம் உண்டு.

பத்தாம் வகுப்புத் தேறிய பையனுக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. அவனுடைய ஒப்பந்தத்தை நமது அதிகாரி ஒருவரும் பார்ப்பதில்லை. தமிழில் பிழையின்றி ஒரு கடிதம் எழுதவும், இங்கிலீஷில் பெயரைக் கையெழுத்திடவும் தெரிந்தவன், அரபு மொழியில் அச்சிட்ட ஒப்பந்தத்தைப் படித்துத் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்வான் என்று சட்டம் கருதுகிறது! அவனைப் பத்து வருஷம் பார்த்த நமக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இக்குறையை நீக்க ஒரு முயற்சி நடந்தது. இ.ஸி.ஆர். இல்லாதவர்களும் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் பெயர் பதிய வேண்டுமென்றும், இல்லாவிடில் 2019 ஜனவரி முதல் விமானம் ஏற விடமாட்டோமென்றும் 2018 நவம்பரில் டில்லியில் அறிவித்தார்கள். உடனே கூக்குரல் கிளம்பிற்று. சில தினங்களிலேயே உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். எதிர்த்தவர்கள் பேரில் முழுக் குற்றமும் சொல்ல மாட்டோம். வெளிநாடு செல்வது பிரஜையின் சொந்த சுதந்திரத்தில் அடங்கும், அதிகாரியின் தயவில் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-ல் தீர்ப்பளித்தது. அவ்வருஷமே பாஸ்போர்ட்டுச் சட்டமும் பிறந்தது. அந்த உரிமையை விமான நிலைய வாயிலில் பறிப்பது தகாது. ஆயினும் பெயரைப் பதிந்துகொள்வது வேறு, பிரயாணத்தைத் தடுப்பது வேறு. பதியாதவனைத் தடுக்காமல், பதிந்தவனுக்கு இன்ஷ்யூரன்ஸும் ஒப்பந்தப் பரிசோதனையும் கொடுத்திருந்தால் ஜனங்கள் தாமாகவே வந்திருப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

விஸா விஷயத்தில் நம்மவர் ஏமாறும் இடம் ஒன்றே ஒன்று. நாட்டுக்குள் நுழைய அநுமதி கிடைத்தால் அங்கே இருந்து வேலை செய்யவும் அநுமதி கிடைத்துவிட்டதாக எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. மலேசியா 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியருக்கு 30 நாள் விஸா இல்லாத பிரவேசம் அளிக்கத் தொடங்கியபோது, "இனிமேல் விஸாவே வேண்டாம்" என்று ஊரில் தமுக்கடித்தார்கள். அது ஊர் சுற்றிப் பார்ப்பவனுக்கு. ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறவனுக்கு முப்பத்தோராம் நாள் அவன் சட்டவிரோதி. உண்மையில் முதல் பாத்திரத்தைத் தொட்ட அன்றே சட்டவிரோதி. வேலைக்கல்லாமல் போகிறவர்களுக்குப் பாதுகாவலரின் சம்மதம் தேவையில்லை என்பதால், இ.ஸி.ஆர். உள்ளவர்களையும் டூரிஸ்டு விஸாவில் அனுப்பிவிடும் ஏஜெண்டுகள் உண்டு. "அங்கே போய் மாற்றிக் கொள்ளலாம்" என்பது அவர்கள் வாய்ப்பாடு. மாற்றாவிட்டால் என்ன ஆகும்? அபராதம் நாள்தோறும் ஏறும். கூலி தராத முதலாளி மீது புகார் செய்யப் போனால் முதலில் பிடிபடுகிறவன் புகார் செய்தவனே. குவைத்திலும் ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் 2024-ல் பொது மன்னிப்புக் காலம் அறிவித்தபோது, அபராதமின்றி ஊர் திரும்பினால் போதுமென்று ஏங்கியவர்கள் நின்ற வரிசை மிக நீளம்.

இதைவிடக் கொடியதும் நிகழ்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று சொல்லித் தாய்லாந்துக்கு வரவழைக்கப்பட்ட தமிழ் இளைஞர்கள் 2022-ல் எல்லை தாண்டி மியான்மாரின் மியாவடிக்குக் கடத்தப்பட்டு, பிறரை மோசடி செய்யும் வேலையில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டார்கள். இவர்களில் அநேகர் பட்டதாரிகள். பாஸ்போர்ட்டில் மூன்று எழுத்துக்கள் இல்லாதவர்கள்.

சரியான வேலை விஸாவில் போகிறவனுக்கும் வாயிற்படிகள் பல. அரபு நாடுகளுக்கு இங்கேயே அங்கீகாரம் பெற்ற வைத்திய நிலையத்தில் பரிசோதனை உண்டு. க்ஷயரோகத்தின் பழைய தழும்பு நெஞ்சுப் படத்தில் தெரிந்தாலே பிரயாணம் நின்றுவிடும். பரிசோதனைக்கு முன்பே நகையை விற்றுவிடுகிறவர்களை என்ன சொல்வது? போய்ச் சேர்ந்த பின் வசிப்பதற்கான அட்டையை முதலாளி வாங்கித் தரவேண்டும். ஸவூதியில் அதை 'இகாமா' என்பார்கள். அது கைக்கு வந்தால்தான் தங்கியிருப்பது செல்லும்.

இனி நமது தொழிலைச் சேர்ந்த ஒரு விஷயம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தே போதும். மு. கருப்பசாமி என்று பள்ளியில் சேர்ந்தவனைப் பாஸ்போர்ட்டு விண்ணப்பம் விடுவதில்லை. எழுத்தை விரித்து முனியாண்டி என்று எழுதச் சொல்கிறது. அப்புறம் துபாயில் எல்லோரும் அவனை முனியாண்டி என்றே கூப்பிடுகிறார்கள். ஊரிலிருக்கும் தகப்பனாருக்கு இது தெரிந்தால் மகிழ்வாரோ, கோபிப்பாரோ! ஒற்றைப் பெயரோடு நிறுத்திவிட்டாலும் தொல்லை. அத்தகைய பாஸ்போர்ட்டுடன் விஜய விஸாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் எமிரேட்ஸ் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தினார்கள். லட்சுமி என்ற பெயரை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதலாம். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம் என்றிருந்தால் பாஸ்போர்ட்டு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடந்தே செருப்புத் தேயும். பிறந்த தேதியும் அப்படியே. "ஆடிப் பூரத் தேருக்கு மறு வாரம் பிறந்தான்" என்று பாட்டி சொல்ல, உபாத்தியாயர் தமக்குத் தோன்றிய தேதியைப் போட்ட காலம் ஒன்றிருந்தது. 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பாஸ்போர்ட்டுக்கு ஆதாரமாகும். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றும் செல்லும். ஆகையால் ஒன்பதாம் வகுப்பில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும் தினத்தன்று பெற்றோர்கள் கூலிக்குப் போகாமல் ஒரு வேளை பள்ளிக்கு வந்து கையெழுத்திட்டால், பின்னால் மதுரைக்குப் பல நடை குறையும்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பையன்களை ஏஜெண்டிடம் மூன்று விஷயங்கள் கேட்கும்படி சொல்லி அனுப்புகிறோம். லைசென்ஸ் எண் என்ன; அதை 'இ-மைக்ரேட்' பட்டியலில் பார்த்துக்கொள்ளலாமா? விஸாவில் எழுதியிருப்பது வேலையா, விஜயமா? ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று வீட்டில் அம்மாவிடம் இருக்கட்டும், கொடுப்பீர்களா? சென்ற வருஷம் ஒரு பையன் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் ஏஜெண்டுக்குக் கோபம் வந்துவிட்டதாம். பையன் முன்பணம் கட்டாமல் ஊருக்குத் திரும்பினான். இப்போது ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, வேறு ஏஜெண்டிடமிருந்து ஒப்பந்தத்தின் பிரதிக்காகக் காத்திருக்கிறான்.